வாடிக்கையாளரின் விசுவாசம்

உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி பயிலும் மாணவர் ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் தமது குறிப்புக் கொப்பியுடன் என்னிடம் வந்தார். சமூக ஊடகங்கள் வாயிலாக ஒரு கம்பனி தனது விசுவாசமான வாடிக்கையாளரை ஈடுபடுத்தும் வழிகள் என்ற தலைப்பின் கீழ் நான்கு நன்மைகள் அதில் இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தன. அவருக்கு எழுந்த ஐயம் மொழி பற்றியது. வேலைக்காரனுக்கும் வீட்டு நாய்க்கும் வழங்கும் விசுவாசம் என்ற சொல்லை, காசு கொடுத்துப் பொருள் வாங்குபவனுக்கு எப்படி வழங்கலாம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவருக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அன்று மாலை முழுவதும் அந்தச் சொல் என்னை விட்டு அகலவுமில்லை.

நிலவுடைமைச் சமுதாயத்தில் விசுவாசம் கீழிருந்து மேல்நோக்கியே சென்றது. ஆண்டை தன் அடிமைக்கு விசுவாசமாக இருந்தான் என்று எவரும் எழுதிவைக்கவில்லை. கர்ணன் துரியோதனன் பக்கம் நின்று மடிந்ததைச் செஞ்சோற்றுக் கடன் என்று நம் மரபு போற்றும். அக்கடனிலே அநீதி உண்டு. ஆயினும் ஒரு கணக்கும் உண்டு. சோறு போட்டவன் ஒருவன், உண்டவன் மற்றவன். உண்டவன் கடன் கழித்தான். இன்றைய வணிகநூலார் சொல்லும் விசுவாசத்திலோ சோற்றுக்குக் காசும் கொடுத்து, அதன்மேற் கடனும் கழிக்க வேண்டியிருக்கிறது. கர்ணனுக்கு நேராத நிலை இது.

ஊர்ச் சந்தியிலிருந்த பலசரக்குக் கடைக்காரரும் வாடிக்கை வைத்திருந்தார். அவரிடம் ஒரு கடன் கொப்பி இருந்தது. அறுவடை வரும்வரை, அல்லது மாதச் சம்பளம் கைக்கு வரும்வரை, அவர் பொறுத்திருந்தார். அவ்வுறவைப் பொற்காலமாக்கிப் பாடுவதற்கில்லை. அக்கொப்பியிற் கணக்குக் கூடியதும் உண்டு. கடன்பட்டவன் வேறொரு கடையின் படியை மிதிக்க அஞ்சியதும் உண்டு. எனினும் அங்கே நம்பிக்கை இரு பக்கத்திலும் வேண்டியிருந்தது. நாம் அவருடைய தராசை நம்பினோம். அவர் நமது சொல்லை நம்பினார். வாடிக்கை என்ற சொல்லிலே ஒட்டியிருந்த அந்த இருபக்க நம்பிக்கை, விசுவாசம் என்ற சொல் வந்து சேர்ந்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

இதனைப் பொதுப்படப் பேசினால் கம்பனிகளைத் திட்டித் தீர்த்துவிட்டு வீடு திரும்பலாம்; அதனாற் பயனில்லை. ஆகவே, வாடிக்கையாளரைத் திரட்டுவதில் வல்லதென்று வணிக நூலாசிரியர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டும் ஒரு கம்பனியைப் பார்ப்போம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் 1932ஆம் ஆண்டு ஒலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அதுவே லெகோ. 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டெனிஷ் சொற்களின் சுருக்கம் அப்பெயர். ஒன்றன்மேல் ஒன்று கவ்வி நிற்கும் பிளாஸ்ரிக் கட்டைக்கு 1958இல் ஆக்கவுரிமை கோரப்பட்டது. அன்று வார்த்த கட்டையோடு இன்று வார்க்கும் கட்டையும் பொருந்தும். குறைசொல்லத் தேடுபவர்கூட அந்தத் தொழில் நேர்த்தியை மெச்சாமலிருக்க முடியாது.

ஆனால், அந்த ஆக்கவுரிமை காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அதே கட்டையை வேறெவரும் செய்யலாம், செய்கிறார்கள். கட்டையின் வடிவத்தையே தனது வர்த்தகக் குறியாகப் பதிந்துகொள்ளக் கம்பனி முயன்றபோது, ஐரோப்பிய நீதிமன்றம் 2010 செப்டெம்பரில் அதனை மறுத்துவிட்டது. ஒரு தொழில்நுட்பத் தேவையை நிறைவேற்றும் வடிவத்தை ஒருவர் என்றென்றைக்கும் தமதாக்கிக்கொள்ள முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். பொருளும் பொதுவாயிற்று, வடிவமும் பொதுவாயிற்று. அப்படியாயின் மலிவான கட்டை பக்கத்திலே இருக்கையில் விலைகூடிய கட்டையை ஒருவர் ஏன் வாங்க வேண்டும்?

இவ்வினாவுக்குப் பொருளாதார நூலிலும் பார்க்க இலக்கிய விமர்சனத்தில் நல்ல விடை உண்டு. வேல்ஸ் நாட்டு விமர்சகர் றேமண்ட் வில்லியம்ஸ் 1960 அளவில் எழுதிய கட்டுரையொன்றில் விளம்பரத்தை ஒரு மந்திர முறை என்றார். நம் காலத்து மனிதர் பொருளாசை மிக்கவர் என்று ஒழுக்கவாதிகள் வருந்துவதை அவர் மறுத்தார். பொருளை மட்டும் விரும்பினால் பொருளே போதுமே. அதற்குமேல் வீரம், இளமை, அந்தஸ்து, நட்பு என்று ஏதோவொன்றைச் சேர்த்து விற்கவேண்டி வருவதே, பொருள் தன்னளவிற் போதாது என்பதற்குச் சான்று என்பது அவரது வாதம். வில்லியம்ஸ் கண்ட விளம்பரம் சுவரிலும் தொலைக்காட்சித் திரையிலும் நின்றது, பார்ப்பவர் பேசாதிருந்தார். நம் காலத்து மந்திரத்தைப் பார்ப்பவரே உச்சரிக்கிறார்.

2003, 2004ஆம் ஆண்டுகளில் லெகோ பெருநட்டத்தில் வீழ்ந்தது. 2004இல் ஸ்தாபகர் குடும்பத்துக்கு வெளியேயிருந்து யோர்கன் விக் நுட்ஸ்ரொப் என்பவர் தலைமைக்கு வந்தார். அக்காலத்திற் கம்பனி ஓர் உண்மையைக் கண்டுகொண்டது. வளர்ந்த ஆண்களும் பெண்களும் பல்லாயிரக் கணக்கில் இக்கட்டைகளால் அரண்மனைகளும் பாலங்களும் இயந்திரங்களும் கட்டி, ஒருவருக்கொருவர் இணையத்திற் காட்டி மகிழ்ந்துகொண்டிருந்தனர். 1998ஆம் ஆண்டிலேயே அவர்கள் தமக்கெனக் கூடுமிடம் அமைத்திருந்தனர். 2000ஆம் ஆண்டிலிருந்து பழைய கட்டைகளை வாங்கவும் விற்கவும் பிரிக்லிங்க் என்ற சந்தையையும் நடத்தினர். இவற்றைக் கட்டியது கம்பனியன்று. வெளியாரின் யோசனைகளை ஏற்பதில்லை என்பதே முன்னர் கம்பனியின் கொள்கையாயிருந்தது. நட்டம் வந்தபின்னர் கதவு திறந்தது.

2008இல் யப்பானில், சாதாரண மக்கள் தம் மாதிரிகளை முன்வைத்து வாக்குத் திரட்டும் ஒரு களம் தொடங்கப்பட்டது. அதிலிருந்து வந்த முதலாவது பெட்டி, சிங்காய் 6500 என்ற யப்பானிய ஆழ்கடல் ஆய்வுக் கலத்தின் மாதிரி. 2011இல் அக்களம் உலகம் முழுவதற்கும் திறக்கப்பட்டது. 2014இல் லெகோ ஐடியாஸ் என்ற பெயரைப் பெற்றது. அதன் நடைமுறை இலகுவானது. ஒருவர் தாம் கட்டியதைப் படமெடுத்து முன்வைக்கிறார். குறித்த காலத்துக்குள் 10,000 பேர் ஆதரித்தால் கம்பனியின் குழு அதனைப் பரிசீலிக்கும். ஏற்றுக்கொண்டால் கம்பனியின் வடிவமைப்பாளர் அதனைத் திருத்தி உருவாக்குவர். முன்வைத்தவருக்குத் தேறிய விற்பனையில் நூற்றுக்கு ஒன்று கிடைக்கும். கையேட்டில் அவரது பெயரும் இடம்பெறும்.

இதிலுள்ள உழைப்பைக் கணக்கிடுவோம். ஒரு மாதிரியை உருவாக்கப் பல மாத இரவுகள் செல்லும். பிறகு 10,000 ஆதரவாளரைத் தேடவேண்டும். அவர்கள் தாமாக வந்து சேர்வதில்லை. முன்வைத்தவரே பேஸ்புக்கிலும் இன்ஸ்ராகிராமிலும் யூரியூப்பிலும் நண்பர் குழுக்களிலும் நாள்தோறும் தட்டிக் கேட்கவேண்டும். அவர் தம் மாதிரிக்குத் திரட்டும் ஆதரவு கம்பனியின் பெயரையும் 10,000 பேரிடம் கொண்டுசேர்க்கிறது. எதற்குச் சந்தை உண்டு, எதற்கு இல்லை என்ற ஆராய்ச்சியும் அதனோடு முடிந்துவிடுகிறது. பொருளைச் செய்யுமுன்னரே வாங்குவோர் வரிசையில் நிற்கின்றனர். பத்தாயிரத்தை எட்டியவற்றிலும் பெரும்பாலானவை நிராகரிக்கப்படுகின்றன. நிராகரிக்கப்பட்டவரின் இரவுகள் எந்தக் கணக்கேட்டிலும் வருவதில்லை. ஏற்கப்பட்டவருக்கு நூற்றில் ஒன்று. மிகுதி தொண்ணூற்றொன்பதிலிருந்து மூலப்பொருள், கூலி, போக்குவரத்து என்ற செலவுகள் கழிந்து எஞ்சுவது பெரும்பாலும் கிறிஸ்ரியன்சன் குடும்பத்துக்கே சேரும். கம்பனியின் நான்கில் மூன்று பங்கு இன்றும் அக்குடும்பத்தின் முதலீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டில் லெகோவின் வருமானம் 7,430 கோடி டெனிஷ் குரோணர். தேறிய இலாபம் 1,380 கோடி.

பிரிக்லிங்க் சந்தைக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர் கூடிய அச்சந்தையைக் கம்பனி 2019 நவம்பரில் விலைக்கு வாங்கியது. உறுப்பினர்கள் பல்லாண்டுகளாகச் சேர்த்த பட்டியல்களும் விலை விவரங்களும் சந்தையோடு சேர்ந்து கைமாறின.

நமது இடதுசாரி நண்பர் சிலர் இவ்விடத்தில் அவசரப்படுவர். இவர்களெல்லாம் மயக்கப்பட்ட மக்கள், முதலாளித்துவத்தின் விளையாட்டுப் பிள்ளைகள், இவர்களைப் பற்றி எழுதுவதே வீண் என்பர். அதனை நான் ஏற்பதற்கில்லை. நாள் முழுவதும் ஓர் அலுவலகத்திற் பிறர் சொன்னதைச் செய்துவிட்டு வீடு திரும்பும் மனிதன், இரவிலே தன் கையாலே, தன் திட்டப்படி, ஒரு பாலத்தைக் கட்டி நிமிர்ந்து பார்க்கிறான். பகல் வேலையில் மறுக்கப்பட்ட படைப்பின்பத்தை இரவிலே தேடிக்கொள்கிறான். உழைப்பு மனிதனிடமிருந்து அந்நியமாவதை மாக்சின் நூல்களிற் படித்த நாம், அந்நியமாகாத உழைப்பின் ஒரு சிறு பொறியைக் கண்டதும் முகஞ்சுளிப்பது முறையாகாது. மகிழ்ச்சி உண்மையானது, நட்பும் உண்மையானது. அந்த உண்மையான மகிழ்ச்சியை எடுத்து வேறொருவருடைய இலாபக் கணக்கிற் சேர்க்கும் பொறிமுறையே விமர்சனத்துக்குரியது. பொய்யான மகிழ்ச்சியை எவரும் இவ்வளவு விலைக்கு விற்றுவிட முடியாது.

அப்பொறிமுறையின் மொழியைச் சற்று உற்று நோக்க வேண்டும். கம்பனிகளின் பதிவுகளிலே அடிக்கடி வரும் சொல் 'குடும்பம்'. அதனை அடுத்து வருவது 'நாம்'. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல்தான் உண்டு. கேட்பவனும் அதற்குள் அடங்குகிறானா, வெளியே நிற்கிறானா என்பதை அச்சொல் சொல்வதில்லை. தமிழிலோ 'நாம்' உண்டு, 'நாங்கள்' உண்டு. நம் இலக்கணம் இவ்விடயத்தில் நேர்மையானது. கொண்டாட்டப் பதிவுகளைத் தமிழாக்கினால் 'நாம்' என்றே எழுதலாம்: நாம் ஒரு குடும்பம், நாம் சேர்ந்து படைக்கிறோம். போட்டி விதிகளையும் நிபந்தனைகளையும் தமிழாக்கும்போது அச்சொல் நில்லாது. ஏற்பதும் மறுப்பதும் எங்கள் முடிவு, உரிமை எங்களைச் சார்ந்தது, விலையை நாங்கள் தீர்மானிப்போம் என்று 'நாங்கள்' வந்தே தீரும். மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு இத்தகைய நிபந்தனைப் பத்திரமொன்றை வகுப்பிற் கொடுத்துப் பார்க்கலாம். எந்த வாக்கியத்தில் 'நாம்' முடிந்து 'நாங்கள்' தொடங்குகிறது என்று மாணவர்கள் கோடிட்டுக் காட்டிவிடுவார்கள்.

எனினும் கதை இதோடு முடிவதில்லை. முதலாளி தன் நலனுக்காகத் திரட்டிய கூட்டம் எப்போதும் முதலாளி நினைத்தபடியே நிற்பதில்லை. தொழிற்சாலைக்குள் தொழிலாளரை ஒன்றுகூட்டியதும் முதலாளித்துவமே என்பதை நாம் அறிவோம். வாடிக்கையாளரைத் தொழிலாளரோடு சமமாக்கிப் பேசுவது மிகை; ஆனாலும் லெகோவின் சபையில் நிகழ்ந்தவை கவனத்துக்குரியவை.

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிறுமிகளுக்கென்று இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புதியதொரு வரிசையைக் கம்பனி சந்தைக்கு விட்டது. சமையலறை, அழகு நிலையம், செல்லப்பிராணி என்று அதன் உலகம் சுருங்கியிருந்தது. பல்லாயிரக் கணக்கானோர் இணையத்திற் கண்டன மனுவிற் கையெழுத்திட்டனர். 2014 ஜனவரியில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கம்பனிக்கு எழுதிய கடிதம் சமூக ஊடகங்களிற் பரவியது. ஆண் பொம்மைகள் வீரச்செயல் புரியப் போகின்றன, வேலை செய்கின்றன. பெண் பொம்மைகள் கடற்கரைக்கும் கடைக்கும் போவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பது அவளது முறைப்பாடு. ஒரு பக்கக் கடிதத்தில் அக்குழந்தை செய்த விமர்சனத்தை நம்மிற் பலர் ஒரு நூலிலும் செய்ததில்லை. அதே காலத்தில் எலன் கூய்மன் என்ற பெண் புவி இரசாயன அறிஞர் முன்வைத்த மாதிரியொன்று 10,000 ஆதரவைப் பெற்றிருந்தது. புதைபடிவ ஆய்வாளர், வானியலாளர், இரசாயன ஆய்வாளர் ஆகிய மூன்று பெண் விஞ்ஞானிகளைக் கொண்ட பெட்டி அது. 2014 ஓகஸ்டில் வெளிவந்து விரைவிலே விற்றுத் தீர்ந்தது. கம்பனியின் சந்தை அறிவாளர்கள் பெண் குழந்தைக்கு அழகு நிலையத்தைத் தெரிந்தெடுத்தபோது, சபையிலிருந்த ஒரு பெண் ஆய்வுகூடத்தைக் கட்டிக் காட்டினாள்.

அதே 2014 ஜூலையில் கிறீன்பீஸ் இயக்கம் யூரியூப்பில் ஒரு குறும்படத்தை வெளியிட்டது. லெகோ கட்டைகளாலான வெண்பனித் துருவ உலகம். வெண்கரடிகள், குழந்தைகள், வீடுகள். கறுத்த எண்ணெய் மெல்ல மெல்ல உயர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறது. இறுதியில் எண்ணெய்க்கு மேலே ஷெல் கம்பனியின் கொடி மட்டும் நிற்கிறது. ஷெல்லின் இலச்சினை பொறித்த லெகோ பொம்மைகள் எண்ணெய் நிலையங்களிலே விற்கப்பட்டுவந்த காலம் அது. இரு கம்பனிகளின் கூட்டு 1960களிலிருந்து தொடர்ந்தது. ஆட்டிக் சமுத்திரத்தில் எண்ணெய் தோண்ட முற்பட்ட ஷெல், குழந்தைகளின் விளையாட்டு அறைக்குள்ளே நற்பெயர் தேடிக்கொண்டது என்பதே இயக்கத்தின் குற்றச்சாட்டு. பதிப்புரிமை முறைப்பாட்டால் அப்படம் சிறிது காலம் அகற்றப்பட்டு, எதிர்ப்பின்பின் மீண்டும் வந்தது. அகற்றியதனாலேயே மேலும் பலர் தேடிப் பார்த்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் கம்பனிக்கு எழுதினர். முதலில் இது ஷெல்லும் கிறீன்பீசும் பேசித் தீர்க்கவேண்டிய விடயம் என்று ஒதுங்கிய தலைமை, அக்டோபர் 9ஆம் திகதி, ஒப்பந்தம் முடிந்தபின் அதனைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தது.

கலை விமர்சனம் என்ற முறையிலும் அப்படம் கருதத்தக்கது. கம்பனியின் சொந்தப் பொம்மையை, சொந்தத் திரைப்படத்தின் பாட்டை, மக்கள் மனதில் அவை ஏற்கெனவே பெற்றிருந்த அன்பை எடுத்தே கம்பனிக்கு எதிராக அது நிறுத்தியது. முழக்கமில்லை, புள்ளிவிவரமில்லை. பார்ப்பவர் தாம் சிறுவயதில் விளையாடிய ஒன்று மூழ்குவதைப் பார்க்கிறார். விசுவாசம் இல்லாத இடத்தில் அந்தப் படத்துக்கு வலிமையே இராது. முற்போக்கு இலக்கியம் என்ற பெயரில் நாம் எழுதிக் குவித்த முழக்கங்களை எண்ணிப் பார்க்கையிற் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மற்றொரு நிகழ்ச்சி 2015 அக்டோபரிலே நடந்தது. சீனக் கலைஞர் அய் வெய்வெய், மெல்பேணில் நடக்கவிருந்த கண்காட்சிக்கென லெகோ கட்டைகளை மொத்தமாக வாங்க விரும்பினார். அரசியற் படைப்புகளுக்கு மொத்தமாக விற்பதில்லை என்று கம்பனி மறுத்தது. அவர் அம்மறுப்பை இன்ஸ்ராகிராமில் வெளியிட்டார். உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் தங்கள் வீட்டிலிருந்த கட்டைகளைத் தருவதாக முன்வந்தனர். மேற்கூரைச் சாளரம் திறந்த மோட்டார் வண்டிகள் நகரங்களில் நிறுத்தப்பட்டன. வழிப்போக்கர் அதற்குள்ளே கட்டைகளைப் போட்டுச் சென்றனர். மெல்பேண் படைப்பை அவர் முடிவில் அதே வடிவிலான சீனப் போலிக் கட்டைகளால் நிறைவேற்றினார். ஐரோப்பிய நீதிமன்றம் பொதுவாக்கிய அந்த வடிவம் இவ்விடத்தில் ஒரு கலைஞனுக்குக் கைகொடுத்தது. 2016 ஜனவரியில் கம்பனி தன் கொள்கையை மாற்றியது. மொத்தமாக வாங்குபவரிடம் நோக்கத்தைக் கேட்பதில்லை என்று அறிவித்தது.

இவற்றை வெற்றிகள் என்றே கொள்ளவேண்டும். ஆனால், இவ்வெற்றிகளின் இயல்பு என்ன? கம்பனி ஒவ்வொரு முறையும் பின்வாங்கியது. பின்வாங்கியதற்காகப் பாராட்டையும் பெற்றது. நம் சொல்லைக் கேட்கிறது என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. வாடிக்கையாளரின் கோபமும் சந்தை ஆராய்ச்சியாக மாறிவிடும் திறன் இம்முறையில் இருக்கிறது. பெண் விஞ்ஞானிகளுக்கு வாங்குவோர் உண்டு என்பதை எதிர்ப்பே நிரூபித்துக் கொடுத்தது. குழந்தையின் முறைப்பாடு நியாயமானது. அந்த நியாயமும் பெட்டியில் அடைக்கப்பட்டு விலையிடப்பட்டது. இதனாற் குழந்தை தோற்றுவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. வேறொரு சிறுமியின் மேசையில் இன்று ஒரு வானியலாளர் நிற்கிறார் என்பதும் உண்மைதானே.

சபை கூடும் நிலம் யாருடையது என்ற வினாவும் எஞ்சியிருக்கிறது. கனடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் எழுதிய கட்டுரையொன்றில், தொலைக்காட்சி நிலையங்கள் விற்கும் சரக்கு நிகழ்ச்சியன்று, பார்வையாளரே என்றார். விளம்பரகாரருக்குப் பார்வையாளரின் கவனம் விற்கப்படுகிறது என்ற அவரது கருத்து அன்று சிலருக்கு விபரீதமாகப் பட்டது. இன்று கணக்கேடே அதனைச் சொல்கிறது. பேஸ்புக், இன்ஸ்ராகிராம் ஆகியவற்றின் சொந்தக்காரரான மெற்றா கம்பனி 2023இற் பெற்ற ஏறத்தாழ 13,500 கோடி அமெரிக்க டொலர் வருமானத்தில் ஏறக்குறைய 13,200 கோடி விளம்பரத்தால் வந்தது. ஒரு கம்பனியின் பக்கத்தை விரும்பிப் பின்தொடரும் எல்லோருக்கும் அதன் பதிவு போய்ச் சேர்வதில்லை. பரவலாகச் சேர வேண்டுமாயின் நிலக்காரருக்குப் பணம் கட்டவேண்டும். தானே திரட்டிய விசுவாசிகளோடு பேசுவதற்குக் கம்பனி வாடகை செலுத்துகிறது. அவ்வாடகையும் கடைசியில் பெட்டியின் விலையிலே ஏறி விசுவாசியிடமே வந்து சேர்கிறது. நான்கு நன்மைகள் எழுதிய குறிப்பில் இந்த நிலக்காரரைப் பற்றி ஒரு வரியேனும் இருக்கவில்லை.

நிலக்காரர் மட்டுமன்று, வேறொருவரும் அக்குறிப்பில் இல்லை. லெகோவின் சபையில் வாங்குபவர் பேசுகிறார், வடிவமைப்பாளர் பேசுகிறார், கம்பனித் தலைவர் பேசுகிறார், கலைஞரும் சூழலியக்கத்தவரும் வந்து சண்டையிடுகின்றனர். கட்டையை வார்க்கிறவர் எங்கே? பில்லுண்டிலும், செக் நாட்டின் கிளாட்னோவிலும், ஹங்கேரியின் நியிரெட்ஹாசாவிலும், மெக்சிக்கோவின் மொன்ரெறேயிலும், சீனாவின் ஜியாசிங்கிலும், 2025இல் திறக்கப்பட்ட வியட்னாம் ஆலையிலும் இயந்திரங்களின் அருகே மனிதர் நிற்கின்றனர். மாதிரியை முன்வைத்தவரின் பெயர் கையேட்டில் இருக்கிறது. வார்த்தவரின் பெயர் இல்லை. 10,000 வாக்குகள் பெற்றால் ஒரு விண்கலம் பரிசீலிக்கப்படும். ஒரு தொழிற்சாலையின் வேலைநேரத்தை எத்தனை வாக்குகள் பெற்றாற் பரிசீலிப்பார்கள் என்று அவ்விதிகளிற் சொல்லப்படவில்லை. அத்தொழிலாளர் நிலை மோசமானது என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நல்லதாயினும் தீயதாயினும் அது சபைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் அவர்கள் சேர்க்கப்படவில்லை.

வேறொரு தொழிலில் அக்கேள்வி எழுந்திருக்கிறது. 2013 ஏப்ரில் 24ஆம் திகதி வங்காளதேசத்தில் ராணா பிளாசாக் கட்டடம் இடிந்து 1,100இற்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர் மாண்டனர். அதன்பின் ஆண்டுதோறும் ஏப்ரிலில் உலகின் பல நாடுகளிலும் மக்கள் தமது சட்டையின் உட்புறத்தைத் திருப்பி, கம்பனியின் பெயர்த்துண்டு தெரியப் படமெடுத்து, என் உடுப்பைத் தைத்தவர் யார் என்று அக்கம்பனியையே சமூக ஊடகத்தில் வினவினர். 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் பெருங்கம்பனிகள் பல, தைத்து முடித்த உடுப்புகளுக்கே பணம் கொடாது கட்டளைகளை இரத்துச் செய்தபோது, பணத்தைக் கொடு என்ற முழக்கம் அதே பக்கங்களில் எழுந்தது. சில கம்பனிகள் கொடுத்தன. வங்காளதேசத்தில் மட்டுமன்றிக் கட்டுநாயக்காவிலும் அந்த இரத்தின் விளைவை நம் பெண்கள் அனுபவித்தனர். அவர்கள் தைத்த சட்டையை அணிபவர் கேட்ட கேள்வி, கம்பனி விரும்பிக் கூட்டிய சபையிலேயே கேட்கப்பட்டது. அக்கேள்வியைக் கேட்டவர்களும் அக்கம்பனியின் வாடிக்கையாளரே.

மாணவர் மறுவாரம் திரும்பி வந்தபோது இவற்றிற் சிலவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, பரீட்சையில் இதை எழுதலாமா என்று வினவினார். புள்ளித் திட்டத்தில் நான்கு நன்மைகளுக்கே இடமுண்டு. அவற்றை முதலில் எழுதிவிடும்படி சொன்னேன். விசுவாசம் என்ற சொல்லுக்குப் பதிலாக என்ன எழுதுவது என்று மீண்டும் கேட்டார். 'வாடிக்கை' என்றே எழுதச் சொன்னேன். பரீட்சகர் புள்ளி குறைப்பாரோ என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் அதே சந்தேகம் உண்டு.